பவானிக் கரையில் கூட்டமாகக் குருவி பார்க்கப் போவது எப்படி

பத்துப் பேர் சேர்ந்து போனால் குருவி எல்லாம் பறந்து போய்விடும் என்றுதான் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வார்கள். பாதி உண்மைதான். பத்துப் பேரும் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டு, ஆளுக்கொரு மரத்தடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனால் மைனாகூட மிச்சம் இருக்காது. ஆனால் ஒழுங்காகக் கூட்டிப்போனால், தனியாகப் போகிறவர் கண்ணுக்குத் தப்புவதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கண்ணில் பட்டுவிடும், அதிலும் சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் படும். கூட்டிப்போகிறவருக்கு எல்லாப் பறவையின் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரிசையில் கடைசியாக நிற்கிற ஆளுக்கும் அந்தக் குருவி தெரிந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் நகர்கிற பொறுமை இருந்தால் போதும்.

எந்த இடம், எந்த நேரம்

வெள்ளோடு, நஞ்சராயன் குளம் மாதிரி சரணாலயங்களுக்குப் போனால் ஒரே இடத்தில் நின்று நூற்றுக்கணக்கான நீர்ப்பறவைகளைப் பார்த்துவிடலாம், அது வேறு சுகம். நான் சொல்ல வருவது நடந்து பார்ப்பது. அதற்குக் கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் பவானிக் கரை நல்ல இடம். ஒரு பக்கம் ஆறு, கரையில் நீர்மருதும் புங்கனும் நாவலும், மரத்தை விட்டு வெளியே வந்தால் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் பாயும் நெல் வயல், அதைத் தாண்டினால் கரும்பும் மஞ்சளும் வாழையும். இரண்டு கிலோமீட்டருக்குள் இத்தனையும் கிடைக்கும். அமராவதிக் கரையில் கொழுமம், தாராபுரம் பக்கம் இருக்கிறவர்களும் இதே முறையில் போகலாம், ஆறுதான் வேறு.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சரியான காலம். வடக்கிலிருந்து வலசை வருபவை செப்டம்பர், அக்டோபரில் வந்து சேர ஆரம்பித்து மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும், நடுவில் உள்ள மாதங்களில் நம்ம ஊர்க் குருவியும் விருந்தாளிக் குருவியும் சேர்ந்தே இருக்கும். ஆடியில் மட்டும் புதியவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தென்னை மட்டையே நிற்காது, குருவிகள் உள்ளே பதுங்கிவிடும், சத்தமும் கேட்காது, முதல் தடவை வந்தவர் இனி வரவே மாட்டார்.

ஜனவரியில் பொழுது கிளம்ப ஆறே முக்கால் ஆகிவிடும். அதனால் ஆறேகாலுக்கு எல்லோரும் இடத்தில் இருக்க வேண்டும். ஆறரைக்குக் கிளம்பலாம் என்று சொன்னால் ஏழு மணிக்குத்தான் கிளம்புவோம் என்பது நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே, ஆகவே ஆறு மணி என்றே சொல்லிவிடுங்கள். இருட்டு பிரிகிற அந்த அரை மணி நேரத்தை விடக்கூடாததற்குக் காரணம் உண்டு. ஆற்றங்கரைப் புதருக்குள் சருகைக் கிளறித் தின்னும் ஆறுமணிக்குருவி விடிகாலையிலும் பொழுது சாயும்போதும்தான் நன்றாகக் குரல் கொடுக்கும். இரட்டைச் சீழ்க்கை, கேட்டால் மறக்காது. எட்டு மணிக்கு மேல் போனால் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, நடக்கிற திசை. பவானி அங்கே பெரும்பாலும் கிழக்கு நோக்கி ஓடுகிறது. காலையில் ஆற்றை எதிர்த்து, அதாவது மேற்கே பார்த்து நடந்தால் வெயில் முதுகில் விழும், குருவியின் நிறமெல்லாம் தெளிவாகத் தெரியும். கிழக்கே பார்த்து நடந்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். வண்டிகளைக் கிழக்குக் கோடியில் நிறுத்திவிட்டு மேற்கே போய், திரும்பி வரும்போது வாய்க்கால் வரப்போரமாக வேகமாக நடந்து வந்துவிடலாம்.

போகிறதுக்கு முந்தி

தடத்தை ஒரு வாரம் முன்னாடி நீங்கள் தனியாக நடந்து பாருங்கள். பறவைக்காக இல்லை, நிற்கிற இடங்களுக்காக. ஆறும் மரமும் சேர்கிற இடம், மரமும் வயலும் சேர்கிற இடம், அப்புறம் இட்டேரி, அதாவது இரண்டு பக்கமும் உயிர்வேலி அடைத்த வண்டித் தடம். இப்படி இரண்டு விதமான நிலம் ஒன்றையொன்று தொடுகிற ஓரங்களில்தான் குருவி அதிகம். ஐந்தாறு இடம் குறித்துக்கொள்ளுங்கள், பத்துப் பேர் தோளோடு தோள் இடிக்காமல் நிற்க முடியுமா என்றும் பாருங்கள். எந்த ஆலமரம், எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் சொல்வார்கள். பழுத்த ஆலமரம் ஒன்று கிடைத்துவிட்டால் அரை நாள் வேலை முடிந்த மாதிரிதான், குக்குறுவான், குயில், சின்னான், மைனா, அதிர்ஷ்டம் இருந்தால் பச்சைப்புறா எல்லாமே அந்த ஒரு மரத்தில் இருக்கும்.

தோட்டத்துக்காரரிடம் முன்னாடியே கேட்டுவிடுவது கட்டாயம். பத்துப் பேர் கழுத்தில் பைனாகுலரோடு வரப்பில் நின்றால் நிலம் அளக்க வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். "ஏனுங்ண்ணா, ஞாயித்துக்கிழமை காத்தால ஒரு பத்துப் பேரு குருவி பாக்க வர்றோமுங்க, உங்க வரப்புல நடந்துக்கலாமுங்ளா?" என்று ஒரு வார்த்தை போதும். பெரும்பாலும் "அதுக்கென்னுங், வாங்க" என்று சொல்லிவிட்டு அவரே எங்கே ஆந்தை இருக்கிறது என்று காட்டுவார். படலைத் திறந்தால் திரும்பச் சாத்துங்கள், நாற்றங்கால் வரப்பில் ஏறாதீர்கள், மஞ்சள் காட்டுக்குள் இறங்கவே வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மயிலைப் பார்த்தவுடன் தோட்டத்துக்காரர் முன்னால் "ஐயோ எவ்வளவு அழகு" என்று குதிக்காதீர்கள். அவர் போட்ட விதையைப் பாதி அதுதான் தின்றிருக்கும். சட்டம் அதைத் தொட விடாது, அந்த ஆதங்கத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆற்றுக்கு வடக்கே மலையடிவாரம் நெருங்க நெருங்கக் கவனம் தேவை. சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. காட்டு எல்லையை ஒட்டிய கரும்புக் காட்டுக்கு ராத்திரியில் யானை வரும், விடிந்தும் சில நேரம் அங்கேயே நிற்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் முதல் வேலையாக ஊர்க்காரரிடம் "ராத்திரி வந்துச்சுங்களா?" என்று கேளுங்கள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்கே புரியும். புதியவர்களோடு போகும் நடைக்கு நான் அந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுக்க மாட்டேன்.

என்ன எடுத்துக்கொள்வது

பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டியதில்லை, மூன்று பேருக்கு ஒன்று இருந்தாலே நடத்தலாம். வாங்குவதாக இருந்தால் 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், பார்வைப் பரப்பும் பெரும்பாலும் குறையும், மரத்துக்குள் குதித்துக்கொண்டே இருக்கும் குருவியைப் புதியவரால் பிடிக்கவே முடியாது.

கிளம்பும் முன் பத்து நிமிடம் பைனாகுலரைச் சரி செய்யச் சொல்லிக்கொடுங்கள், இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு குழாயையும் மடக்கி விரித்து ஒரே வட்டமாகத் தெரியும்படி வைக்க வேண்டும். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தைத் திருகி, தூரத்து மின்கம்பத்தை இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். அப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்பக்கத்தில் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருகி அதே கம்பத்தைத் தெளிவாக்க வேண்டும். அதற்குப் பிறகு நடுச் சக்கரம் மட்டும்தான் வேலை. கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும். பார்க்கும்போது குருவியிடமிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அதற்குள் குருவி போயிருக்கும். மரத்தில் இருக்கும் ஒரு காய்ந்த இலையை வைத்து இரண்டு மூன்று தடவை பழக்கிவிடுங்கள்.

உடுப்பு மங்கலாக, முழுக்கால் மூடி, ஷூ. சரசரக்கும் ரெயின்கோட், பளீர் வெள்ளைச் சட்டை, சென்ட் மூன்றும் வேண்டாம். சென்ட் குருவிக்காக இல்லை, பெரிய நீர்மருதில் மலைத்தேனீ அடை தொங்கும். தின்ன வறுத்த கடலை, கடலை உருண்டை, தண்ணீர். முறுக்கும் சிப்ஸ் பாக்கெட்டும் சத்தம்.

நடக்கும்போது

பத்துப் பன்னிரண்டு பேர் அளவு. அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரித்து அரை மணி இடைவெளியில் விடுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரும் தடம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக்கூடாது. அவர் கையைத் தூக்கினால் எல்லோரும் அங்கேயே நிற்க வேண்டும், ஓடி வந்து பக்கத்தில் குவியக்கூடாது. நடக்கும்போது மெதுவாகப் பேசலாம், நிற்கும்போது பேச்சே இல்லை. மூன்று மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் போனாலே அதிகம்.

முதல் நிறுத்தம் ஆற்றோரம். வந்தவுடன் யாரும் எதையும் தேட வேண்டாம், ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கூட்டம் வந்து நின்றதும் அடங்கின சத்தமெல்லாம் மெல்லத் திரும்ப ஆரம்பிக்கும். தண்ணீர் ஓரத்துக் கிளையில் சின்ன நீல மீன்கொத்தி, தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, அப்புறம் ஆற்றை விட்டு வெகுதூரம் தள்ளி மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளியும் ஓணானும் பிடிக்கும் வெண்தொண்டை மீன்கொத்தி. இந்த மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டால் ஒவ்வொன்றும் எப்படிப் பிழைக்கிறது என்பதில் புதியவர்களுக்குத் தன்னாலே பிடிப்பு வந்துவிடும். பாறை மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருப்பது நீர்க்காகம். கழுத்து மட்டும் பாம்பு போல நீரில் போனால் பாம்புத்தாரா.

ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே பவானிசாகரில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் சட்டென்று ஏறும், பாறையில் போய் நின்று போட்டோ எடுக்கிற ஆளை முதலிலேயே அடையாளம் கண்டு கடைசி ஆள் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

மரத்துக்குள் போனதும் காட்டுகிற கலைதான் முக்கியம். "அங்க பாருங்க, அங்க அங்க" என்று கையை நீட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்த மரம், எவ்வளவு உயரம், எந்தக் கிளை, இந்த வரிசையில் சொல்லுங்கள். "வாய்க்காலுக்கு மேக்கால நிக்கற மூணாவது தென்னை, கீழ இருந்து ரெண்டாவது மட்டை, நுனி" என்றால் நம்ம பக்கத்துப் பாட்டிக்கும் தெரிந்துவிடும். கொங்கு நாட்டில் சோற்றுத் தட்டைக்கூட வடபக்கம் தள்ளி வை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம், திசை சொல்வது கைவந்த விஷயம். பார்த்தவர் நகர்ந்து பின்னால் இருப்பவருக்கு இடம் விடட்டும். "எல்லாருக்கும் தெரிஞ்சுதா" என்று கேட்டால் கூச்சத்தில் எல்லோருமே தெரிந்தது என்பார்கள், அதனால் கடைசியில் நிற்கிறவரிடம் "வால் என்ன நிறமுங்க?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் இன்னும் தெரியவில்லை.

மாங்குயிலும் மாம்பழச்சிட்டும் மஞ்சள், வால் காக்கை செம்பழுப்பு, மரங்கொத்தி தண்டில் தொற்றி ஏறும், தேன்சிட்டு பூவிலேயே இருக்கும். இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். கதிர்க்குருவிகள்தான் ஆளைக் கொல்லும். புதருக்குள் "சக், சக்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், வெளியே வராது, வந்தாலும் மங்கல் பழுப்பு. முதல் நாளிலேயே புதியவர்களை அதற்குள் இழுக்காதீர்கள். மெர்லின் செயலி சத்தம் கேட்டுப் பெயர் சொல்கிறது, இலவசம்தான், ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதிவிடாமல் கண்ணாலும் பார்த்து உறுதி செய்யுங்கள். அதில் இருக்கும் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைப்பது வேண்டவே வேண்டாம். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டது என்று நினைத்து, தின்கிற வேலையை விட்டுவிட்டு அது அலைகிறது.

வயலுக்கு வெளியே வந்தால் வேகம் கூட்டலாம், ஒரே ஒரு விதிவிலக்கு. எங்கேயாவது சேறடித்துக்கொண்டிருந்தால் அங்கே போய் நின்றுவிடுங்கள். டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும் கிளம்புகிற புழுவுக்கும் பூச்சிக்கும் கூட்டமாக வரும், டிராக்டருக்குப் பயப்படுகிறதே இல்லை, நம்மையும் பொருட்படுத்தாது. கொக்கு எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருப்பவர்களுக்குப் பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் கிடையாது. உருவம் சின்னது, கழுத்து குட்டை, மஞ்சள் அலகு என்றால் உண்ணிக்கொக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மடையான் வரப்போரம் மண்கட்டி போலக் கிடக்கும், நாலடி தள்ளி மிதித்த பிறகுதான் வெள்ளை இறக்கையை விரித்துப் பறக்கும், கூட்டத்தில் ஒருத்தராவது அலறுவார். தண்ணீர் கட்டின வயலில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற பொரி உள்ளானும் மஞ்சள் வாலாட்டியும் குளிர்காலத்து விருந்தாளிகள். கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலானும் அப்படித்தான்.

ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிக் கத்திக்கொண்டே தாழ வந்தால், வெயில் காலமாக இருந்தால் முக்கியமாக, வந்த வழியே திரும்புங்கள். அது வெறும் தரையில்தான் முட்டை வைக்கும், கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது, யாராவது மிதித்துவிடுவோம். மற்றபடி எந்தக் கூட்டையும் கிட்டப் போய்ப் பார்க்கவும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். நாம் விலக்கிப் பார்த்த கிளை வழியாகத்தான் அப்புறம் காக்கை எட்டிப் பார்க்கும். இதற்குத் தூக்கணாங்குருவி மட்டும் கொஞ்சம் இடம் தரும், கிணற்று மேல் சாய்ந்த தென்னையில் கூட்டம் கூட்டமாகக் கட்டுவதால் தூரத்திலிருந்தே பார்க்கலாம். ஆண் பாதி கட்டிவிட்டுக் காத்திருக்கும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி. மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கிணறு என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம ஊர்த் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறுகள் இன்னும் நிறைய. மேலே பார்த்துக்கொண்டே யாரும் நடக்கக்கூடாது, பைனாகுலர் கண்ணில் இருந்தால் கால் நிற்க வேண்டும், இதை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள். வரப்பில் கண்ணாடி விரியன் இருக்கலாம், முன்னால் போகிறவர் தரையைப் பார்த்தே நடக்கட்டும். பன்றிக்குப் போட்ட கம்பி வேலி எதையும் தொட வேண்டாம், சிலதில் மின்சாரம் விட்டிருப்பார்கள்.

திரும்பி வரும் வழியில் இட்டேரி இருந்தால் அதைக் கடைசி நிறுத்தமாக வையுங்கள். இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் கொடியும் பின்னி, நடுவில் வண்டி போகிற தடம். கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பி போடப் போட இது குறைந்துகொண்டே வருகிறது, எனக்கு ஆற்றங்கரையைவிட இதுதான் பிடிக்கும். வெண்புருவச் சின்னான், தையல்சிட்டு, செம்போத்து, சிலம்பன் கூட்டம், வேலிக்கடியில் குடும்பத்தோடு ஓடும் கௌதாரி. ஒரே வரிசையாக, ஒரு ஓரமாகப் போனால் போதும்.

பட்டியல்

எழுதுவதற்கு ஒரே ஒருவர். ஆளுக்கொரு பட்டியல் போட்டால் ஒரே மாங்குயில் நாலு மாங்குயில் ஆகிவிடும். பறவைப் பட்டியல் பதிவதற்கென்றே இருக்கும் இபேர்ட் செயலியில் போடுவதாக இருந்தால் கிளம்பிய நேரமும் நடந்த தூரமும் தானாகவே பதிவாகும், ஆற்றங்கரைக்கு ஒரு பட்டியல், வயலுக்கு இன்னொன்று என்று பிரித்துப் போட்டால் பின்னால் பார்க்கும்போது உதவும். காக்கையையும் மைனாவையும் சேர்த்து எழுதுங்கள், சாதாரணம் என்று விட்டுவிட்டால் நாளைக்கு அது குறைந்தது யாருக்கும் தெரியாமல் போகும். பெரிய கூட்டமாகப் பறந்தால் முதல் பத்தை எண்ணி, அந்த அளவு எத்தனை மடங்கு என்று கணக்குப் போடலாம். எண்ணிக்கையே பிடிபடவில்லையென்றால் எக்ஸ் குறியும் போடலாம்.

முடித்தபிறகு டீக்கடையில் உட்கார்ந்து பட்டியலை உரக்கப் படியுங்கள். யார் பார்த்தது, எதை வைத்து அது என்று சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் இரண்டு மூன்று அடிபடும், விட்டுப்போன ஒன்றிரண்டு சேரும். சந்தேகமானதைத் "தெரியாத கதிர்க்குருவி" என்றே வைத்துக்கொள்ளலாம், தப்பு இல்லை. அங்கிருந்தே அந்தப் பட்டியலை வந்தவர்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள், பொங்கல் நாட்களில் நடந்து இபேர்டில் போட்டிருந்தீர்கள் என்றால் அது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துவிடும். தோட்டத்துக்காரருக்கு வாட்சப்பில் தமிழ்ப் பெயரோடு ஒரு பிரதி அனுப்புங்கள், தன் காட்டில் நாற்பது வகைக் குருவி இருக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்வார், அடுத்த தடவை அனுமதி கேட்கும் வேலையே இருக்காது. அடுத்த மாதத் தேதியை டீ ஆறுவதற்குள் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள், குரூப்பில் போட்டுக் கேட்டால் ஒரு வாரம் இழுக்கும்.